எலுமிச்சைத் துண்டும் எங்கள் குடியரசும்

அகப்பை ஏந்தி அவையை ஆளும் தலைவர், நூலகத்தின் நிரந்தர நிசப்தம், லூயெல்லா ப்ரான்ட் அவர்களே; உணவுக்கு முன்னே நீண்டதொரு பிரார்த்தனை நிகழ்த்தி எங்கள் பசியைப் புடம்போட்ட போதகர் அவர்களே; முன்வரிசையில் கோட்டைக் கூடக் கழற்றாமல், இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே; ஹால்வர் ஊரின் அடுப்புகளுக்கும் அரட்டைகளுக்கும் ஒருங்கே அதிபதிகளான அன்னையரே; கறவை முடித்த கையோடு, கமகமவென்று தொழுவத்தையும் கூட்டி வந்திருக்கும் டெல்மர் தோர்ஸ்டட் அவர்களே; எங்கள் வாசகர் வட்டத்தின் முன்னாள் முடிமன்னர், மாட்டு மருத்துவர், ரோசலி பெரூசோ அவர்களே; என் பேச்சைத் தினந்தோறும் வீட்டிலேயே இலவசமாகக் கேட்டும் இங்கே வந்து இன்னொரு முறை கேட்கத் துணிந்த என் மனைவி மார்லிஸ் அவர்களே; உங்கள் அனைவருக்கும் ஆலங்கட்டிக் காப்பீடு விற்கும் வெண்டல் ஓஸ்ட்பியின் அடக்கமான, அதாவது நான் நடித்துக்கொண்டிருக்கும் அடக்கம் கலந்த வணக்கம்.

நான் யார் என்று தெரியாதவர்கள் இந்த மண்டபத்தில் இல்லை. வானம் கல்லாய்ப் பொழிந்தால் எனக்குக் கஷ்டம். வாய்கள் சொல்லாய்ப் பொழிந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஊர் வாரப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் வம்பு எழுதுகிறவன் நான்தான். "அந்த ஆளு எழுதுறதெல்லாம் யாரு படிக்கிறா?" என்று கேட்பவர்கள், வியாழக்கிழமை காலையில் முதலில் புரட்டுவது மூன்றாம் பக்கம். ஆமாம் பெரியவரே, உங்களைத்தான் பார்க்கிறேன். கோட்டுக்குள் ஒளிய வேண்டாம்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு காட்சியைக் காட்டவேண்டும். இதோ, எனக்கு வலப்பக்கம், மேசைமேல் ஒரு தட்டு. விருந்து தொடங்கியபோது அதில் நிறைய எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் இருந்தன. மேலே சர்க்கரைப் பனி தூவி, மஞ்சள் வெயிலை வெட்டி அடுக்கியதுபோல் மின்னின. இப்போது ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றை இந்த மண்டபமே பார்க்கிறது, ஆனால் பார்க்காததுபோல் பார்க்கிறது. சற்று முன்பு ஒருவர் கத்தியோடு வந்தார். அதைப் பாதியாக வெட்டினார். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசித் துண்டை எடுத்தவன் என்ற பெயரோடு ஹால்வரில் யார் வாழ முடியும்? கல்லறையில் கூட அதைச் செதுக்கி வைத்துவிடுவார்களே.

அந்தத் துண்டைப்போலவே இன்னொன்றும் இங்கே அனாதையாய் நிற்கிறது. லூயெல்லாவின் ஆட்சி இன்றோடு முடிகிறது. அடுத்த ஆண்டு வட்டத்தின் தலைமையை, அதன் அடையாளமான அந்த அகப்பையை, நான் வாங்கிக்கொள்ள முடியுமா என்று வாசலில் வைத்தே கேட்டார்.

"வெண்டல், அடுத்த வருஷம் நீங்க எடுத்துக்கறீங்களா?"

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்," என்றேன்.

சூப் ஊற்றும்போது மறுபடியும் கேட்டார்.

"என்னைவிட நல்லவங்க எத்தனை பேர் இருக்காங்க," என்றேன்.

மூன்றாம் முறை கேட்பதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டுத் தொலைத்துவிட்டார்கள். ஆகவே அந்தரத்தில் நிற்கிறேன். தட்டில் ஒரு துண்டு, மேடையில் ஒரு துண்டு. இரண்டையும் யாரும் எடுப்பதாயில்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்? இந்தச் சிரிப்புக்குள்தான் எங்கள் வட்டத்தின் வரலாறே ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அடுத்த ஊரில் வாசகர் வட்டம் என்றால் கொலைக் கதை படிக்கிறார்கள். அதற்கடுத்த ஊரில் காதல் கதை படிக்கிறார்கள். நாங்கள் என்ன படிக்கிறோம்? அரசியல் சிந்தனையின் வரலாறு. ஏன் இந்தத் தண்டனை? உங்களுக்கே தெரியும். போன தேர்தலுக்கு முந்தைய தேர்தலில் இந்த ஊரில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். நன்றி கூறும் நாளில் வான்கோழி ஒரு பக்கம் ஆற, அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இன்னொரு பக்கம் ஆறிப்போனார்கள். உயிரோடிருக்கும் அரசியல்வாதியைப் பற்றிப் பேசினால் உறவு முறிகிறது. செத்துப் பல நூற்றாண்டு ஆனவர்களைப் பற்றிப் பேசினால்? காப்பி மட்டும்தான் ஆறும். ஆகவே லூயெல்லா நூலகத்தின் பின்னறையைத் திறந்துவிட்டார். ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏந்தி, ஆதிகாலத்திலிருந்து தொடங்கினோம்.

எங்கள் வட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சிந்தனையைப் படிக்கிறோமோ அந்த மாதம் வட்டத்தை அதன்படியே ஆளவேண்டும். ஏட்டில் படித்ததை எங்கள் வயிற்றிலும் காப்பியிலும் சோதித்துப் பார்க்கும் அறிவியல் முறை. ஆஹா, எவ்வளவு அழகான யோசனை. யாருடைய யோசனை? என்னுடையது. அதனால்தான் விளங்கவில்லை.

முதல் மாதம், அறிவாளியே ஆளவேண்டும் என்ற பழைய கிரேக்கத்துச் சிந்தனை. நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் ஹால்வரில், "நான்தான் அறிவாளி" என்று எழுந்து நிற்க ஒருவர் வேண்டுமே. அறையைச் சுற்றிப் பார்த்தோம். எல்லோரும் தம் காலணியைப் பார்த்தார்கள். ஆள ஆளில்லாததால் காப்பிப் பானையைச் சூடேற்ற ஆணையிடவும் ஆளில்லை. அந்த மாதம் முழுக்க அறிவின் பெயரால் ஆறிய காப்பி குடித்தோம்.

இரண்டாம் மாதம், குலுக்கல். யாருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறதோ அவர் ஆளவேண்டும். அறையில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு மொச்சை கொடுத்தோம். கறுப்பு மொச்சை வந்தவர் தலைவர். கழிவறையைத் தேடி நூலகத்துக்குள் நுழைந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்கும் மரியாதைக்காக ஒன்று நீட்டினோம். கறுப்பு அவருக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அன்று மதியம் ஆண்டதுபோல் இந்த ஊரை இதுவரை யாரும் ஆண்டதில்லை. காப்பியைச் சூடாக்கச் சொன்னார், சன்னலைத் திறக்கச் சொன்னார், டெல்மரைப் பேச்சை முடிக்கச் சொன்னார், போய்விட்டார். இன்றும் அவர் பெயர் தெரியாமல் தவிக்கிறோம்.

கைதட்டுங்கள், அவருக்குக் கேட்காது, பரவாயில்லை.

இப்படியே நவம்பருக்கு வந்தோம். உள்நாட்டுப் போரில் நடுங்கிய ஒரு காலத்தின் சிந்தனை அது. மனிதர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு சாவதைவிட, எல்லா அதிகாரத்தையும் ஒரே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாய்த் தூங்கலாம் என்ற சிந்தனை. யாரிடம் ஒப்படைப்பது? மறுபடியும் காலணி தரிசனம். அப்போது ஒரு குரல்.

"என்ன எல்லாரும் தரையையே பாக்கறீங்க? ஏதாவது கீழ விழுந்துடுச்சா? சரி, நான் இருக்கேன். அடுத்து என்ன?"

அந்தக் குரல் ரோசலி பெரூசோவின் குரல். நியூ ஜெர்சியில் பிறந்து, பசு மாட்டின் மேல் கொண்ட பாசத்தால் எங்கள் பனிக்காட்டுக்கு வந்து சேர்ந்தவர். அறுநூறு கிலோ எருதை "நில்லு" என்று ஒரு சொல்லில் நிறுத்துபவர். மனதில் ஒன்று தோன்றினால் அது வாய்க்கு வர அவருக்குக் கணநேரம் போதும். நமக்கு? நமக்குச் சில சமயம் அடுத்த தலைமுறையில் வரும்.

காப்பிப் பானையின்மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தியம் செய்தோம். பானை சூடாக இருந்ததால் சத்தியம் சுருக்கமாக இருந்தது. "எல்லா அதிகாரமும் உங்களுக்கே, ஆ" என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டோம். சூப் ஊற்றும் அகப்பை செங்கோலாயிற்று. ரோசலியின் ஆட்சி எழுந்தது.

எப்படிப்பட்ட ஆட்சி? கேளுங்கள், இன்னும் நடுங்குகிறது. கூட்டம் நேரத்துக்குத் தொடங்கவேண்டும் என்றார். தொடங்கியது. வானிலையைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்றார். அன்று அறையில் நிலவிய அமைதியில் லூயெல்லாவுக்கே கண் கலங்கியது. "இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்" என்று சொல்பவர்கள், எப்படி மோசமாக என்று விளக்க வேண்டும் என்றார். டெல்மர் விளக்கத் தொடங்கி, தன் கல்யாண நாள் வரை போய்விட்டார். காளான் சூப்பை ஊற்றிச் சுட்டெடுக்கும் நம் வழக்கமான உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தானே அலுமினியத் தட்டு நிறையக் கத்தரிக்காய் சமைத்துக் கொண்டுவந்தார். தக்காளி, சீஸ், அதன் அடியில் பூண்டு. பூண்டு என்றால் ஒரு பல்லா? ஒரு படை. அன்று மாலை ஹால்வரில் யாரும் யாருக்கும் முத்தம் கொடுத்திருக்க முடியாது.

என்ன மார்லிஸ்? "அன்னைக்கு மட்டுமா?" என்கிறார் என் மனைவி. அவையோரே, இந்த வாசகத்தைக் குறிப்பிலிருந்து நீக்குமாறு தலைவரை வேண்டுகிறேன்.

நவம்பர் முடிந்தது. முறைப்படி ஆட்சி கைமாற வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை ரோசலி எழுந்தார். அகப்பையை நீட்டினார்.

"என் மாசம் முடிஞ்சுது. இந்தாங்க. டெல்மர், உனக்கு வேணுமா?"

"ஐயோ, வேணாம் டாக்டரம்மா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"வெண்டல்?"

"எனக்கெதுக்குங்க."

"லூயெல்லா?"

"நீங்க நல்லாதானே செய்றீங்க."

அறை முழுக்கச் சுற்றி வந்தது அகப்பை. எல்லோரும் கையை விரித்தோம். ரோசலி ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் என்னவோ மலர்ந்தது. "சரி" என்றார். அகப்பையைக் கைப்பையில் போட்டார். காரைக் கிளப்பினார். போனார்.

நாங்கள் வாகன நிறுத்தத்தில் பனியில் நின்றோம்.

"வச்சுக்கிட்டாங்க," என்றார் டெல்மர்.

"வச்சுக்கிட்டாங்களே," என்றேன்.

அவையோரே, என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? கொட்டாவி விட்டபடி தூங்கும் அந்தக் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் முறை கேட்டால் வேண்டாம் என்போம். அது மரியாதை. இரண்டாம் முறை கேட்டாலும் வேண்டாம் என்போம். அது வளர்ப்பு. மூன்றாம் முறை கேட்டால், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று கையை நீட்டுவோம். அதுதான் ஆசை. இந்த மூன்று படிகளையும் ஏறாமல் ஹால்வரில் ஒரு கோப்பை காப்பி கூடக் கைமாறியதில்லை. ரோசலி எத்தனை முறை கேட்டார்? ஒரே முறை. எங்கள் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிந்தார்? பதவி வெறி பிடித்த பயங்கரமாகத் தெரிந்தார்.

சரி, கொடுங்கோலரை இறக்கவேண்டும். எப்படி இறக்குவது? சதிகாரர்கள் கூடிப் பேசத் தானியக் கிடங்கின் காப்பி மூலையைத் தேர்ந்தெடுத்தோம். சரித்திரத்தில் எத்தனையோ சதிகள் நடந்திருக்கின்றன. இவ்வளவு நாகரிகமான சதி நடந்திருக்காது.

"யாராவது அவங்ககிட்ட சொல்லணும்," என்றார் டெல்மர்.

"சொல்லணும்தான்," என்றேன்.

"நீ சொல்றியா வெண்டல்?"

"எனக்கென்னய்யா தகுதி? நீ சொல்லேன்."

"நான் மாடு வச்சிருக்கவன். நாளைக்கு ஒண்ணுன்னா அவங்கதான் வரணும். லூயெல்லா, நீங்க?"

"நானே வாய தொறந்துட்டா நூலகத்துல யாரு சும்மா இருப்பா?"

எல்லோரும் சன்னல் வழியே வெளியே பார்த்தோம்.

"காத்து வடக்கால திரும்பிடுச்சு."

"ஆமா. ஆனா இதைவிட மோசமா பாத்திருக்கோம்."

முடிந்தது புரட்சி. புரட்சித் தலைவர் பதவியை ஒருவருக்கு மூன்று முறை கொடுப்பதற்குள் காப்பி நேரம் தீர்ந்துவிட்டது.

இதற்கு நடுவே அந்தக் கொடுங்கோலர் என்ன செய்தார் தெரியுமா? ஜனவரிக்கு என்ன பாடம் வைத்தார் தெரியுமா? குடிமக்களின் கிளர்ச்சி உரிமை. எந்தக் கட்டத்தில் மக்கள் மன்னனைத் தூக்கி எறியலாம் என்ற சிந்தனையை அவரே எங்கள் கையில் திணித்து, கத்தரிக்காயும் பரிமாறி, "பேசுங்க, பேசுங்க, கூச்சப்படாதீங்க" என்றார். டெல்மர் எழுந்து கொடுங்கோன்மையைக் கிழி கிழி என்று கிழித்தார். யாரைப் பார்த்துக் கிழித்தார்? அறையின் மூலையில் இருந்த வெப்பக் குழாயைப் பார்த்து. "பிரமாதம் டெல்மர்" என்று முதலில் கைதட்டியவர் ரோசலி. அந்த வெப்பக் குழாய் மட்டும்தான் அன்று வெட்கித் தலைகுனிந்தது.

பிப்ரவரியில் விளையாட்டு வினையானது. ஒருநாள் டெல்மர் வரவில்லை. அடுத்த வாரம் அவரோடு இன்னும் சிலர் வரவில்லை. தேவாலயத்தின் நிலவறையில் தனி வட்டம் தொடங்கிவிட்டார்கள். அங்கும் தலைவர் இல்லை, யாரும் ஒத்துக்கொள்ளவில்லையே. வாராவாரம் உட்கார்ந்து, உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, வானிலை பேசிப் பிரிந்தார்கள். நானா? வெட்கமில்லாமல் சொல்கிறேன், இரண்டு பக்கமும் போனேன். இரண்டு பக்கமும் சாப்பிட்டேன். பத்திரிகைக்காரன் நடுநிலை வகிக்க வேண்டாமா?

நூலகத்துப் பின்னறையில் நாற்காலிகள் காலியாயின. அண்ணனும் தம்பியும் செத்தவர்களைச் சாக்கிட்டாவது பேசிக்கொண்டிருந்தார்களே, அவர்களில் ஒருவர் நிலவறைக்குப் போய்விட்டார். நாங்கள் பொத்திப் பொத்தி வளர்த்த ஒரே ஓர் அறை, இரண்டாய்ப் பிளந்து நின்றது. ரோசலி எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்த தட்டைப் பாதிக்கு மேல் அப்படியே மூடி எடுத்துப் போனார். கிளம்பும்போது லூயெல்லாவிடம், "ரோட்டுல பனி அதிகமோ, அதான் யாரும் வரலியோ?" என்று கேட்டாராம். அன்று வானம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

இதோ வருகிறது மார்ச் மாதம். டெல்மரின் சமையலறையில் நானும் அவரும் உட்கார்ந்து, ரோசலியை என்ன செய்வது என்று யோசித்து, மறுபடியும் எதுவும் செய்யாமல் இருந்தோம். அப்போது தொழுவத்திலிருந்து பசு கத்தியது. டெல்மர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் வந்தார். பசு ஈனப்போகிறது, வயிற்றுக்குள் கன்று தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. இப்போது யாரைக் கூப்பிடுவது? இந்த மாவட்டத்தில் மாட்டு மருத்துவர் ஒருவர்தான்.

கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ரோசலியின் வண்டி சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. இறங்கினார். தோள் வரை உறையை மாட்டினார். பசுவுக்குள் கையை விட்டார். டெல்மர் கயிற்றைப் பிடித்தார். என்னிடம் வாலைக் கொடுத்தார்கள். என் தகுதி உலகுக்குத் தெரிந்த தருணம் அது.

கை உள்ளே இருக்க, கன்னம் பசுவின் பின்புறத்தில் ஒட்டியிருக்க, ரோசலி கேட்டார்.

"யோவ் டெல்மர். ஏன் கூட்டத்துக்கு வர்றதில்ல?"

"வேலை டாக்டரம்மா."

"கீழ் அறையில உருளைக்கிழங்கு தின்ற வேலையா?"

டெல்மர் என்னைப் பார்த்தார். நான் வாலைப் பார்த்தேன்.

"நெசத்தை சொல்லு. நான் கேட்டுக்கறேன். என் கை ஒண்ணும் வெளிய வராது, இப்போதைக்கு."

டெல்மர் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நீங்க பதவிய விட மாட்டேங்கறீங்கன்னு... பேசிக்கறாங்க."

"யாரு?"

"சில பேர்."

"விட மாட்டேங்கறேனா? நான்தான் குடுத்தேனேய்யா. உன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். நீதான் வேணாம்னே."

"ஒரு தடவைதானே கேட்டீங்க."

"எத்தனை தடவை கேக்கணும்?"

"மூணு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. அப்படித்தான்."

அதற்கு ரோசலி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. குரல் சின்னதாகிவிட்டது.

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி எங்க அக்காவுக்கு போன் பண்ணேன். இத்தனை குளிர்காலம் இங்க இருந்திருக்கேன், மாடு படுத்தாத்தான் என்னை கூப்பிடுவாங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா, நீயே இருன்னு எல்லாரும் சொன்னாங்கன்னு சொன்னேன். அவ அழுதுட்டா. அப்போ, யாருமே அதை நெசமா சொல்லலியா?"

வாலைப் பிடித்திருந்த நான் இதற்கு என்ன சொல்வது? நகைச்சுவை எழுத்தாளன் என்று பட்டம் வாங்கியவனுக்கு வாயே இல்லை.

அப்போதுதான் அவையோரே, ஹால்வர் வரலாற்றில் இதுவரை நடக்காத ஒன்று நடந்தது. டெல்மர் தோர்ஸ்டட் வாயைத் திறந்தார். தன் கல்யாணத்தின்போது கூட, "சம்மதமா?" என்று போதகர் கேட்டதற்கு, "அப்படி ஒண்ணும் மோசமில்ல" என்று பதில் சொன்ன டெல்மர். அவர் சொன்னார்:

"எனக்கு அந்தக் கத்தரிக்காய் வேணும்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை நீங்க கொண்டு வருவீங்களே. அந்தக் கத்தரிக்காய். வேணும். அங்க கீழ உருளைக்கிழங்கை வாயில வைக்க முடியல. நீங்க, வானிலை பேசாதேன்னு திட்டுறதும் வேணும். கல்யாணக் கதை பூரா நான் சொன்னப்போ நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. நீங்க இருக்கணும். ராணியா வேணாம். சும்மா இருக்கணும்."

"நான் கேக்கவே இல்லியே."

"கேக்காமதான் சொல்றேன்."

"அப்போ ராணியா வேணாமா?"

"வேணாம்," என்றார் டெல்மர், முகம் தக்காளியாகச் சிவந்து. "அகப்பை எனக்கு வேணும்."

ரோசலி சிரித்தார் பாருங்கள், தொழுவக் கூரையில் இருந்த புறாக்கள் கலைந்தன. "இழு" என்று கத்தினார். டெல்மர் இழுத்தார். நான் வாலோடு சேர்த்து எதையோ இழுத்தேன். ஈரமும் நீராவியுமாகக் கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அதை யாரும் மூன்று முறை கேட்கவில்லை. பால் வேண்டும் என்று முட்டியது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பின்னறை நிறைந்தது. ரோசலி அகப்பையை மேசைமேல் வைத்தார். "ஒரு தடவைதான் கேப்பேன். யாருக்கு வேணும்?" டெல்மர், "எனக்கு" என்றார். லூயெல்லா, தன் வாழ்நாளில் முதல் முறையாக உரத்த குரலில், "எனக்கும்" என்றார். ரோசலி, "எனக்கும்தான் வேணும், ஏன் கூடாது?" என்றார். விளைவு? ஹால்வரில் அதுவரை காணாத அதிசயம், போட்டித் தேர்தல். கையை உயர்த்தி வாக்களித்தோம், முகத்துக்கு நேரே. மாதாமாதம் மாறுவது போதும், இனி ஆண்டுக்கொரு தலைவர் என்றும் முடிவாயிற்று. லூயெல்லா வென்றார். ரோசலி தோற்றார். தோற்ற கையோடு வெளியே போய் அக்காவுக்கு மறுபடியும் தொலைபேசியில் பேசினார். நான் சன்னலோரம் நின்று ஒட்டுக் கேட்டேன், தொழில் தர்மம்.

"அக்கா, என்னைத் தோக்கடிச்சுட்டாங்கடி. மூஞ்சிக்கு நேரா, வேணாம்னு கைய தூக்கினாங்க. இப்பதான் நான் இந்த ஊருக்காரி."

பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது இந்தக் காப்பீட்டுக்காரன் ஒன்று கேட்கிறேன். ஆள்பவருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து வருகிறது என்றது ஒரு காலம். வாளிலிருந்து வருகிறது என்றது ஒரு காலம். வம்சத்திலிருந்து வருகிறது என்றது ஒரு காலம். எத்தனை தலைகள் உருண்டபின், எத்தனை சிறைகள் நிரம்பியபின், மக்களின் சம்மதத்திலிருந்து வருகிறது என்று ஒருவழியாய்க் கண்டுபிடித்தார்கள். சம்மதம். என்ன அழகான சொல். அதைக் கண்டுபிடிக்க அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லை நாம் என்ன செய்தோம்? மரியாதை என்ற போர்வைக்குள் மடித்து வைத்தோம். ஆசையை அடக்கம் என்று அழைத்தோம். கோபத்தைக் காற்று வடக்கால் திரும்பியது என்று சொன்னோம். "நீ வேண்டும்" என்று ஒருத்தியிடம் சொல்ல நமக்கு ஒரு பசுவும் ஒரு கன்றும் தேவைப்பட்டன.

வேண்டும் என்று சொல்ல வாயில்லாத ஊரில் யார் ஆண்டால் என்ன? வேண்டாம் என்று சொல்ல நெஞ்சில்லாத ஊரில் யார் இறங்கினால் என்ன? மன்னரைப் பிடித்துக் கீழே இறக்குவதல்ல குடியரசு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உள்ளதை உள்ளபடி ஒரே தடவையில் சொல்லிவிட்டு, அப்புறமும் அவருக்குக் கத்தரிக்காயைத் தள்ளி வைப்பது குடியரசு. வாக்குப் பெட்டி அதற்குப் பிறகு வருகிறது. வாய் முதலில் வருகிறது.

இவ்வளவு பேசுகிற நான், இன்று வாசலில் என்ன செய்தேன்? எனக்கெதுக்குங்க என்றேன். தோலுக்குக் கீழே ஊறிய பழக்கம், போகுமா? போகாது. ஆனால் அதை ஒரு தடவை இடறிவிடலாம். லூயெல்லா அவர்களே, நீங்கள் மூன்றாம் முறை கேட்கும்வரை நான் காத்திருக்கப்போவதில்லை. உங்கள் எல்லோர் முன்பும், மார்லிஸ் முகத்தைக் கையால் மூடிக்கொள்வதைப் பார்த்தபடியே சொல்கிறேன். எனக்கு அகப்பை வேண்டும். ரொம்ப நாளாகவே வேண்டும். கண்ணாடி முன்னால் சூப்புக் கரண்டியை வைத்து நின்றுகூடப் பார்த்திருக்கிறேன்.

அங்கே யார் எழுந்திருக்கிறார்? டெல்மரா? என்ன?

"எனக்கும் வேணும்" என்கிறார். கேட்டீர்களா, யாரும் கேட்காமல், ஒரே தடவையில். அவருக்குப் பின்னால் ரோசலியும் எழுகிறார். நல்லது. மிக நல்லது. தேர்தல் வந்துவிட்டது. நாங்கள் மூவரும் நிற்கிறோம். நீங்கள் முகத்துக்கு நேரே கையைத் தூக்குங்கள். தோற்பது நானாக இருந்தால் அக்காவுக்குத்தான் தொலைபேசவேண்டும், எனக்கு அக்கா இல்லை, ரோசலி தன் அக்காவைக் கடன் கொடுப்பார்.

அகப்பைக்குத் தேர்தல் உண்டு. ஆனால் இந்த எலுமிச்சைத் துண்டுக்கு இல்லை. இதோ, ஹால்வர் ஊர் முழுக்கப் பார்க்க, கடைசித் துண்டை நான் எடுக்கிறேன். வாயில் போடுகிறேன்.

ம்.

கல்லறையில் செதுக்கிக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தது.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுக்க முடியாமல் நடுவே பேசிய அன்னையருக்கும், சமைத்த கைகளுக்கும், சிரித்த வாய்களுக்கும், சர்க்கரை ஒட்டிய இந்த வாயால் நன்றி சொல்லி, வாக்குக் கேட்டு, வணங்கி அமர்கிறேன்.